கதிரை டீம்

பந்து விளையாடி முழங்கால் தசைநார் அறுந்து, ஒப்பரேசன் செய்த பிறகு காலை மடக்கித் தொழ முடியவில்லை. பள்ளிவாசலில் வயசாளிகளோடு கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதேன்.

பக்கத்துக் கதிரை சாச்சா முதல் நாளே கேட்டார்: "என்ன மகன், ஒனக்கும் எழுபது வயசாகிட்டா?"

"ஓம் சாச்சா. இனி நாம ஒரே டீம்."

திரும்பவும் விளையாட வேண்டும் என்பதே என் துஆ. ஒரு அஸர் தொழுகையில் மெல்ல இறங்கி நெற்றியைத் தரையில் வைத்தேன். முழங்கால் மடங்கியது. கண் கலங்கிவிட்டது.

தொழுது முடிந்ததும் சாச்சா சொன்னார்: "டீமை உட்டுட்டுப் போறாய் என்ன? போ. மத்தக் காலும் போனா வா, இடம் வெச்சிருக்கன்."

இப்போது கடற்கரையில் விளையாடிவிட்டுத்தான் மஃரிப் தொழுகைக்குப் போகிறேன். ஸஃப் வரிசையில் நின்றாலும் மனசு என் பழைய கதிரைக்கு ஏங்குகிறது. அதில் சாச்சா தன் கைத்தடியை வைத்து இடம் பிடித்திருக்கிறார்.