காந்தம் ஒட்டாத இடம்

கிள்ளானை அடுத்த மேருவில் உள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் புஷ்பவல்லி பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். லோரியில் வந்து கொட்டும் குவியலைப் பிரிப்பது அவள் வேலை. செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். அதற்கு அவளிடம் இருக்கும் ஒரே கருவி, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தம். அதை நைலான் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பாள். எவ்வளவு பெயிண்ட் அடித்து மினுக்கிக்கொண்டு வந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று காந்தம் சொல்லிவிடும். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. படித்த காலத்திலும், வாத்தியார் கேட்டதற்குப் பதில் தெரிந்தால்கூட எழுந்து நின்று தரையைத்தான் பார்ப்பாள். கல்யாணமாகி வந்த பிறகும் நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவரோரமாக நின்று எல்லாரையும் கவனித்துக்கொண்டிருப்பாள். கவனித்ததை ராத்திரி கணவன் சுகுமாறனிடம் மட்டும் சொல்லுவாள்.

சுகுமாறன் இருபத்திரண்டு வருடம் கிள்ளான் துறைமுகத்துக்கு கண்டெய்னர் லோரி ஓட்டியவர். போன வருடம் முதுகில் ஆப்பரேஷன். இனி லோரி ஏறக்கூடாது, குனிந்து உட்காரும் எதையும் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டு மாதம் ஹாலில் பாயைப் போட்டுக் கிடந்தார். பேச்சு குறைந்தது. சவரம் செய்வதை விட்டார். ஒருநாள் கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்தார். சாய்வு நாற்காலியில் படுத்திருப்பவன்போல ஒருவன் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி, சைக்கிள் மிதித்துப் போனான். அன்று சாயங்காலம் சுகுமாறன் சவரம் செய்துகொண்டார்.

"முதுகப் பாரு வல்லி. முழுசா சாஞ்சிருக்கு. குனியவே வேணாம்."

புஷ்பவல்லி முதுகைப் பார்க்கவில்லை. அந்த மனிதனின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு லோரி டயர் உயரம்தான் இருக்கும். முன்பொரு நாள் சுகுமாறனே அவளிடம் சொன்னது ஞாபகம் வந்தது: "லோரி மூக்குக்குக் கீழ ஆறடிக்கு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அங்க நிக்கிறவன் எங்க கண்ணுக்கு இல்லாத ஆளு."

அதை அவருக்கே திருப்பிச் சொன்னாள். "கொடி கட்டிக்கிறேன் லா, உசரமா," என்றார். இரண்டாம் தடவை அழுதாள். மூன்றாம் தடவை கெஞ்சியபோது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "அப்ப நான் இப்படியே கெடந்து போய்ச் சேர்றேன். உனக்கு அதுதான் நிம்மதி," என்றார். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் மார்வின் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். வெல்டிங் மெஷின் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. செய்து தருகிறேன் என்று அவன்தான் ஒத்துக்கொண்டான்.

"ஒரு பழைய சைக்கிள் கொண்டாங்க அண்ணே, அத வெட்டித்தான் செய்யணும். இரும்பு பிரேமா இருக்கணும். அலுமினியம் என் மெஷினுக்கு ஆகாது. ஸ்பிரிங் வெச்சது வேணாம். முக்கியமா முன்பக்கம் கெட்டியா இருக்கணும். பெடல அங்க கொண்டுபோய்தான் ஒட்டப்போறேன். நீங்க ஒதைக்கிற ஒத அத்தனையும் அந்த ஒரு மூட்டுல வந்து விழும்."

புஷ்பவல்லி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டே அதைக் கேட்டாள்.

சரியாக ஒரு வாரத்தில் கடைக் குவியலில் ஒரு சைக்கிள் வந்தது. பச்சை நிறம், பாதி துரு, சீட் இல்லை. தூக்கிப் பார்த்தாள், கனத்தது. ஸ்பிரிங் இல்லை. மார்வின் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. அதை நசுக்கப் போகும் குவியலில் போட மனம் வரவில்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. உடைந்த வாஷிங் மெஷின்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்தாள். சைக்கிள் கிடைக்காவிட்டால் அந்த ஆசை தானாக ஆறிவிடும் என்று நினைத்தாள். மூன்று வாரம் தினமும் அந்தப் பக்கம் போய் அது அங்கேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுகுமாறனின் அக்கா இராஜம்மாவும் அவள் புருஷன் கன்னையாவும் வேனில் வந்து இறங்கினார்கள். வேனின் பின்கதவைத் திறந்து கன்னையா ஒரு சைக்கிளை இறக்கினார். நீல நிறம். வெயிலில் கண் கூசியது.

"என்ன மச்சான், பொண்ணக் கூட்டிட்டு வந்திருக்கேன். வெளிய வந்து பாரு."

"எங்க மாமா கெடச்சுச்சு?"

"எங்க பிளாட்டுக்குக் கீழ யாரோ போட்டுட்டுப் போயிட்டான். குப்பைக்குப் போக இருந்துச்சு. ரெண்டு கோட் நீலம், மேல ஒரு கிளியர். எப்படி?"

கன்னையா அம்பாங்கில் ஒரு கார் பட்டறையில் முப்பது வருடமாக ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறவர். எந்தக் காரையும் நேற்று வாங்கியது போல ஆக்கிவிடுவார்.

சுகுமாறன் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தார். சைக்கிளைத் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்துத் தடவினார். அவர் முகம் அப்படி மலர்ந்து புஷ்பவல்லி பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது.

மார்வின் கையில் கோப்பி மக்கோடு வந்தான். "அங்கிள், இது சைக்கிளா மெர்சிடிஸா? வெட்ட மனசு வராது போல இருக்கே. அக்கா, உங்க காந்தத்தக் கொஞ்சம் குடுங்க."

அவள் கொடுத்தாள். சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் வைத்தான். டக்கென்று ஒட்டியது. "இரும்புதான். பாஸ்." காந்தத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். டேப் வைத்து அளந்தான். சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். "மெஷினு சும்மாதான் இருக்கு. இன்னிக்கே வெட்டிறலாமா அண்ணே?"

"வெட்டு," என்றார் சுகுமாறன்.

எல்லாரும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பவல்லி மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கும். எறும்புச் சாரை உறைந்து நின்றதுபோல ஒரு வரிசை. பின்னால் இருந்தது. சீட்டுக்கு அடியில் இருந்தது. ஆனால் முன்னால், கைப்பிடி இறங்கும் குழாயோடு கீழ்க்குழாய் சேருகிற இடத்தில் இல்லை. அங்கே முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருந்தது. மார்வின் சொன்ன அந்த ஒரு மூட்டு.

தப்பாக இருந்தால்? சரியாகவே இருந்தாலும் யார் நம்புவார்கள்? மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னவள். இது நாலாவது தடவை என்றுதான் அவர் நினைப்பார். நாத்தனார் வீட்டார் வேனில் ஏற்றிக் கொண்டுவந்ததைக் குறை சொன்ன பழியும் சேரும். பேசாமல் இருந்துவிடலாம். அப்படி நினைக்கும்போதே காப்பார் ரோட்டு மேம்பாலம் கண்ணுக்குள் வந்தது. இறக்கத்தில் சாய்ந்தபடி போகிறார். காலை ஊன்றி ஓர் உதை. முன்பக்கம் தனியே கழன்று போகிறது. பின்னால் லோரி.

இராஜம்மா அவளைப் பார்த்துவிட்டாள். "என்னா புஷ்பா, மொகம் ஏன் இப்படிக் கெடக்கு? பிடிக்கலியா? பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லு. ஆறாங்கிளாஸ் வரைக்கும் போனவதான நீ?"

மார்வின் சிரித்தான். கன்னையாவும் சிரித்தார்.

புஷ்பவல்லி சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினாள். காந்தத்தைக் கீழ்க்குழாயின் பின்முனையில் வைத்து, கயிற்றைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்தாள். அது குழாயைக் கவ்விக்கொண்டே வழுக்கி வந்தது. மூட்டுக்கு நாலு விரல் முன்னால் பிடி விட்டுக் கீழே விழுந்தது. சிமெண்டுத் தரையில் சத்தம் கேட்டது. எடுத்து மறுபடியும் வைத்தாள். அதே இடத்தில் மறுபடியும் விழுந்தது.

"வல்லி, என்ன பண்ற?" சுகுமாறனின் குரல் இறுகியிருந்தது. "வேணாங்கறதுக்கு இது ஒரு புது வழியா?"

"இங்க இரும்பு இல்லீங்க," என்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

மார்வின் மக்கை மதில்மேல் வைத்துவிட்டு வந்து தானே காந்தத்தை வைத்துப் பார்த்தான். விழுந்தது. அவன் கன்னையாவை நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், இங்க என்ன வெச்சீங்க?"

"கொஞ்சம் நசுங்கியிருந்துச்சு," என்றார் கன்னையா. "பட்டி வெச்சுத் தேச்சேன். கார் கதவுக்கு வெக்கிறதுதான்."

மார்வின் ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சுரண்டினான். நீலம் போயிற்று. சாம்பல் நிறம் போயிற்று. பிறகு ரோஸ் நிறத்தில் பட்டி, காய்ந்த மாவு மாதிரிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் குழாய் மடிந்திருந்தது. மடிப்புக்குள் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. அவன் நகத்தை வைத்தான். நகம் உள்ளே போனது.

"எதுலயோ நேரா மோதியிருக்கு. பாதி கிழிஞ்சிருக்கு. கார் கதவு ஆளத் தூக்காது அங்கிள்." ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். அவன் அவ்வளவு நேரம் சும்மா நின்று யாரும் பார்த்ததில்லை.

கன்னையா படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கட்டைவிரல் நகத்தோரத்தில் இன்னும் நீலம் இருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாதுடா மச்சான். பாக்க அழகா இருக்கணும்னுதான்..." இராஜம்மா, பிரித்து வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

சுகுமாறன் யாரையும் திட்டவில்லை. அதுதான் புஷ்பவல்லியைப் பயமுறுத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பாயில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அவர் திரும்பவில்லை. அவள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. சைக்கிள் இல்லை, ரோடு இல்லை, லோரி இல்லை. அந்த முதுகை, ஆப்பரேஷன் தழும்பு பனியனுக்கு மேலே எட்டிப் பார்க்கும் அந்த முதுகை, எட்டு மாதம் அவள் பார்த்திருக்கிறாள். எந்தப் பயம் பெரியது என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஏங்க. கடையில ஒண்ணு இருக்கு."

அவர் தலையணையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"பச்ச. துரு பிடிச்சது. இரும்புதான். ஸ்பிரிங் இல்ல."

"எப்ப வந்துச்சு?"

"மூணு வாரம்."

சுகுமாறன் மெதுவாகத் திரும்பினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "முன்பக்கம் பாத்தியா?" என்றார்.

"இல்ல."

"நாளைக்குப் பாரு. நீ சரின்னா சரி. வேணாம்னு நீ சொன்னா, நான் திரும்பக் கேக்க மாட்டேன்."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. ஒரே ஒரு சொல் போதும். 'விழுந்திருச்சுங்க.' அவர் நம்புவார். இன்றைக்குப் பிறகு காந்தத்தைப் பற்றி அவள் எது சொன்னாலும் எல்லாரும் நம்புவார்கள்.

காலையில் வாஷிங் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து பச்சை சைக்கிளை வெளியே இழுத்தாள். காந்தத்தைப் பின்முனையில் வைத்தாள். வாசலில் ஒரு லோரி உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் முகப்பு அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். விழு, விழு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இழுத்தாள். கீழ்க்குழாய், மேல்குழாய், மூட்டு, மூட்டின் அடிப்பக்கம். காந்தம் விழவில்லை. இரண்டாம் தடவை இழுத்தாள். மூன்றாம் தடவை அடிப்பக்கத்தில் கொஞ்சம் உலுக்கியும் பார்த்தாள். கயிறு விறைத்ததே தவிர, காந்தம் விடவில்லை.

தழும்புகளை விரலால் தடவி எண்ணினாள். எல்லாம் இருந்தன.

கடை முதலாளி தவுக்கே எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். புஷ்பவல்லி சைக்கிளை அவர் முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். லோரி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினார்.

அவள் இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.