என் வீட்டுக்காரருக்குச் செய்த ஸ்லைம்

என் வீட்டுக்காரரின் வலது கை ஜவ்வரிசி மில்லில் கிழங்கு அரைக்கும் மெஷினுக்குள் போய்விட்டது. கள்ளக்குறிச்சியில் நரம்பைத் தைத்துக் கையைக் காப்பாற்றினார்கள். விரல்கள் இருந்தன, மடங்கவில்லை. காயம் ஆறியதும், ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மேடம் களிமண் மாதிரி ஒரு பச்சை உருண்டையை அவர் கையில் வைத்து அமுக்கச் சொன்னார். அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்களாம்.

"பசங்க விளையாடற ஸ்லைம் இருக்குல்ல, அத செஞ்சு குடுங்க. வாரத்துக்கு வாரம் கெட்டியாக்கணும். மூணு மாசம்தான் டைம். அதுக்குள்ள மடங்கலன்னா விரலு அப்படியே நின்னுடும்" என்றார்.

ஸ்லைம் என்றால் எங்கள் வீட்டில் ஐந்தாவது படிக்கும் மகள்தான் வாத்தியார். போனில் பார்த்து வைத்திருந்தாள். டப்பாவில் விற்கும் வெள்ளைப் பசையில், வெண்காரம் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் தடவை மோர் மாதிரி ஓடியது. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றாள். ஊற்றினேன். செருப்பு ரப்பர் மாதிரி பிய்ந்து பிய்ந்து வந்தது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கம்மி. "தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்க் கிழங்கு மாவை எடுத்து வந்தேன்.

எங்கள் பக்கத்தில் எதை ஒட்டவைக்கவும் மரவள்ளி மாவுதான். சுவரில் போஸ்டர், நோட்டு அட்டை, புடவைக்குக் கஞ்சி, எல்லாம் அதில்தான். கரியாலூர் மலையிலிருந்து லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கும் ஊர். மாவைப் பசையாகக் கிண்டி ஸ்லைமில் கலந்தேன். பரோட்டா மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகத் திரண்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் அமுக்கினார். பல்லைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, விரல் பட்ட இடத்தில் குழிகூட விழவில்லை.

நாலாம் நாள் குழி விழுந்தது. ஆறாம் நாள் விரல் நுனி உள்ளே போனது. "ஏ, இங்க பாரு, மடங்குது!" என்று கத்தினார். மகள் கைதட்டினாள். நான் உருண்டையை முகர்ந்து பார்த்தேன். புளித்த வாடை. பத்து வருஷம் மில் களத்தில் மாவு காயவைத்தவள் நான். புளித்த மாவுப் பசை இளகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? கலக்கும்போது புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. கை போன பிறகு அன்றைக்குத்தான் அவர் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கிண்டினேன். நல்ல கெட்டியாக வந்தது. அதைக் கொடுத்தால் மனசு விட்டுவிடுவார் என்று பயந்து, வெந்நீர் விட்டு இளக்கினேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இளக்கமாக. "இன்னாடி, கை தேறிக்கினு வருதில்ல?" என்பார். "வருதுங்க" என்பேன். அப்படிச் சொன்ன வாயைக் கிழித்தால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று மாதம் முடிந்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேடம் நீட்டிய பச்சை உருண்டையை வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கினார். அமுக்கினார். மறுபடி அமுக்கினார். விரல்கள் முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றன.

மேடம் என்னைப் பார்த்தார். "கெட்டியாதான் செஞ்சீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப இதுக்கு மேல கஷ்டம்ங்க" என்று சீட்டில் ஏதோ எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டனாம்மா?" என்று கேட்டாள்.

நீ இல்லை, நான்தான் என்று சொன்னால் போதும். நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்தான் அந்த விறைத்த கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.

"இல்ல கண்ணு. நீயும் அம்மாவும் நல்லாதான் செஞ்சீங்க. அப்பாவுக்குதான் சரியா அமுக்கத் தெர்ல" என்றார்.