இரண்டாவது பிரஷ்

மாடி வீட்டு அக்காவின் தம்பிக்கு ஒரு காலத்தில் பட்டப்பெயரே லவுட்ஸ்பீக்கர். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவிய மனிதர். மாடியில் அவர் தும்மினால் கீழே என் மிஷினில் தையல் கோணிப்போகும். சந்தைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் வேலை போயிற்று. அக்காவிடம் வந்து ஒண்டிக்கொண்டவர்தான். அக்காவுக்கோ இடுப்பு போய், வேலைக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. அவளுக்கு வந்த அரசாங்க உதவித்தொகையில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா சட்டத்தை மாற்ற வேண்டும்? தனியாக வாழ்பவருக்கு மட்டும்தான் இனி பணமாம். கூட ஒருத்தர் இருந்தால், அவர் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் கட். அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் செருப்பைப் பார்ப்பார்கள், குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எண்ணுவார்கள். எதிர் பங்களாக்காரருக்கும் அதே அரசாங்கம்தான் வரியில் தள்ளுபடி கொடுத்தது. அவர் வீட்டில் எத்தனை பிரஷ் என்று எவனாவது எட்டிப் பார்த்தானா?

லவுட்ஸ்பீக்கர் தன் பிரஷ்ஷைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்தார். கதவு தட்டினால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.

“எங்க வீட்ல ஒரு பேய் இருக்குடி. வாடகை குடுக்காத பேய்” என்று அக்கா சிரிப்பாள். முதலில் அவரும் சிரித்தார். பிறகு யாரும் தட்டாதபோதும் அங்கேயே நின்றார். மாடியில் அவர் காலடிச் சத்தமே நின்றுபோனது. மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். ஒன்றும் கேட்காது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா.”

“எங்க தங்கியிருக்காருன்னு விலாசம் கேப்பாங்களேடி. நான் என்னத்தச் சொல்ல?”

போன மாதம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அக்கா தம்பிக்குப் புதுச் செருப்பு வாங்கி, தெருவே பார்க்கட்டும் என்று வாசலில் போட்டாள். “இனிமே வெளிய வரட்டும், தொண்டை கிழியக் கத்தட்டும்” என்றாள். அவருக்காக நானும் ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அக்கா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். செருப்பு வைத்தது வைத்தபடி இருந்தது, அடியில் மண்கூட ஒட்டவில்லை. கதவைத் தட்டினேன்.

“அண்ணே, நான்தான், கீழ்வீட்டுத் தையக்காரி. பயப்படாதீங்க. இனிமே யாரும் எண்ண வர மாட்டாங்க.”

கதவில் காதை வைத்தேன். பிறகு பீரோ பக்கமிருந்து, சந்தையையே அதிரவைத்த தொண்டையா இது என்று நான் திகைக்கும்படி, மெல்ல ஒரு குரல் வந்தது.

“வீட்ல யாரும் இல்லீங்க.”