கை கட்டி நின்ற வரை ஓடிய மெமரி கார்டு

கடலூரிலிருந்து சிதம்பரம். நாற்பத்தைந்து கிலோமீட்டர். கோயிலுக்குப் போகவில்லை, பிச்சாவரம் படகுக்கும் போகவில்லை. ஒரு வீடியோ எடுக்கப் போனேன். கேமராவோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறவிட்டு எழுத மனமில்லை.

போன சனிக்கிழமை. கல்லூரி நண்பன் ரியாஸின் அக்கா யாஸ்மினுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகைமொழி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார். தன்னைப் பற்றிச் சைகையில் குறைந்தது பத்து நிமிடம் சொல்ல வேண்டும். வெட்டு, ஒட்டு கூடாது. ஒரே பதிவு. மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ரியாஸ் முதலில் போனில் எடுத்திருந்தான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரல்கள் குழைந்துபோயிருந்தன. சைகையில் ஒரு விரல் மங்கினால் ஒரு சொல் போய்விடும். அதனால் என் கேமரா. உயர்ந்த தரம், நொடிக்கு அறுபது படம்.

அந்தத் தரத்தை என் பழைய கார்டு தாங்காது. முந்தின மாலை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குப் போனேன்.

“எத்தன ஜிபி?” என்றார் கடைக்காரர்.

“ஜிபி இருக்கட்டும்ணே. வேகம் வேணும். வீடியோ எடுக்க.”

“இதப் பாருங்க. நூறுன்னு போட்டுருக்கு. இதுக்கு மேல ஸ்பீடு ஜாஸ்தி வேணும்னா நீங்க ராக்கெட்லதான் போவணும்.”

64 ஜிபி, 650 ரூபாய். கார்டில் 100 என்று கட்டைவிரல் அகலத்துக்கு அச்சடித்திருந்தது. வீட்டில் எதிர்ச் சுவரைப் பதினைந்து நிமிடம் எடுத்துப் பார்த்தேன். பதிவு நிற்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை 8:10 பேருந்து. கட்டணம் 40 ரூபாய். நடத்துநர் என் கேமரா முக்காலியைப் பார்த்து, “என்னாது தம்பி, துப்பாக்கியா? மேல வைக்காத, எவன் மண்டைலயாவது வுழும்” என்றார். மடியில் வைத்துக்கொண்டேன். 9:25க்குச் சிதம்பரம். கீழ வீதிக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. நடந்தே போய்விடலாம்.

ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருந்தது. யாஸ்மின் அக்கா வெற்றுச் சுவருக்கு முன்னால் நின்றார். கேமராவில் பதிவுக்கான சிவப்புப் புள்ளி எரிந்தது. தொடங்கினார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னார். ரியாஸ் என் காதருகே மொழிபெயர்த்தான். ‘கையக் கட்டு, வாயப் பொத்து.’ எல்லோருக்கும் சொன்னதுதான். மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்தினார்கள், பேச்சு நின்றது. இவருக்குக் கையைக் கட்டியதுமே நின்றுவிட்டது. அதைச் சொல்ல, அக்கா கேமராவுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கைகளை உதறிப் பிரித்தார். வேகமாக, இரண்டு கைகளும், பத்து விரல்களும்.

சிவப்புப் புள்ளி அணைந்தது.

‘கார்டின் வேகம் போதவில்லை. பதிவு நிறுத்தப்பட்டது.’

மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடம். கைகள் பிரிந்த சில நொடிகளில் நின்றது.

விஷயம் இதுதான்: அசையாத படத்தில் எழுத ஒன்றுமில்லை. அசைவு கூடக் கூட, எழுத வேண்டியதும் கூடும். என் வீட்டுச் சுவர் அசையவில்லை. அக்கா கை கட்டி நின்ற வரை கார்டும் தாங்கியது. அவர் வேகமாகப் பேசத் தொடங்கியதும் கைவிட்டது.

“இன்னொரு தடவ எடுக்கலாம்க்கா” என்று சைகை செய்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகை.

அக்காவின் கைகள் என் முகத்துக்கு நேராக வந்தன. ரியாஸ் அந்தக் கைகளையே பார்த்தபடி குரல் கொடுத்தான். “பொறந்ததுலேர்ந்து எல்லாரும் இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லுன்னுதான் கேக்குறாங்க. இப்ப ஒன் கேமராவும் கேக்குதா?”

கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பெரிய 100க்குக் கீழே, எறும்பு மாதிரி, V10. கணக்கு எளிது. என் கேமரா நொடிக்கு 150 மெகாபிட் வரை எழுதும். எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 19 மெகாபைட். கார்டு உறுதி சொல்வது 10 மட்டும். அந்த நூறு? கார்டிலிருந்து கணினிக்கு எடுக்கும் வேகம். எழுதும் வேகம் அல்ல. பொய் என்று வழக்குப் போட முடியாது. உண்மையைத்தான் அச்சடித்திருக்கிறார்கள், வேண்டாத உண்மையைப் பெரிதாக, வேண்டியதைக் கண்ணுக்குத் தெரியாமல்.

பன்னிரண்டு மணிக்கு ரியாஸின் வண்டியில் கிளம்பினோம். மேல வீதி, பேருந்து நிலையம். மூன்று கடைகள். மூன்றிலும் முதல் கேள்வி, எத்தன ஜிபி? நான்காவது கடையில் போன் ரிப்பேருக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கேட்டேன்.

“கார்டு வாங்க வந்தீங்களா, வைரம் வாங்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

“வைரம்னா நீங்க ஏமாத்துனா மாத்தித் தருவீங்கண்ணே. இதுல அது கூட இல்ல” என்றான் ரியாஸ். பிறகு என் பக்கம் திரும்பி, “மச்சான், சீக்கிரம் பாரு. அக்கா மூடு மாறுச்சுன்னா வீட்டுக்குள்ள வுடாது.”

ஏழாவது கார்டில் V30 இருந்தது. 1,050 ரூபாய். கடை வாசலிலேயே கேமராவில் போட்டு, ரியாஸை ஐந்து நிமிடம் கைகளை வீசி ஆடச் சொன்னேன். கூட்டம் கூடியது. கார்டு நிற்கவில்லை.

இரண்டரை மணிக்கு மூன்றாம் முறை. அக்கா என்னைப் பார்க்கவில்லை. சிவப்புப் புள்ளியையே பார்த்தார். கை கட்டிய இடம் வந்தது. கைகள் பிரிந்தன. புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொண்டே போனார். காலையில் இல்லாத ஒரு பகுதியும் வந்தது: கடலூரிலிருந்து ஒரு கேமரா வந்து, பாதிப் பேச்சில் கண்ணை மூடிக்கொண்ட கதை. பத்து நிமிடம் தாண்டியது. பதினொன்று. போதும்க்கா என்று ரியாஸ் காட்டினான். அக்கா அவனைப் பார்க்காமலே ஒரு கையால் ஏதோ சொன்னார்.

“என்னடா சொல்றாங்க?”

“மொதல்ல அது நிக்கட்டுமாம். அப்பறம் இவங்க நிறுத்துவாங்களாம்.”

பதினான்காவது நிமிடம், களைத்துப்போய், அக்காவே நிறுத்தினார். புள்ளி அப்போதும் எரிந்தது. கணினியில் அளவைக் குறைத்து அனுப்பி முடித்தபோது 5:20.

போகிறவர்களுக்கு: கார்டில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள். V எழுத்தைத் தேடுங்கள், அதன் பக்கத்து எண்தான் விடாமல் எழுதும் குறைந்தபட்ச வேகம். கேமராவின் மெகாபிட்டை எட்டால் வகுங்கள். V எண் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். சிதம்பரத்தில் தேடி அலையாமல் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், பூதக்கண்ணாடி கேளுங்கள்.

வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். சுவரை எடுத்து அல்ல. சுவருக்கு முன்னால் எந்தக் கார்டும் நல்ல கார்டுதான்.