தண்ணீர்த் தொட்டியின் காவலாளி

கோபன்ஹேகனுக்குப் போகிறவர்கள் கடற்கன்னி சிலையைப் பார்ப்பார்கள். என் மகளுக்கோ அதிகம் பேர் போகாத இடங்கள்தான் வேண்டும். அப்படித்தான் டென்மார்க்கின் இன்னொரு நகரான சில்க்போர்க்கிலிருந்து போன நாங்கள், ஒரு பூங்காவுக்கு அடியிலிருந்த பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினோம். இப்போது அது கலைக்கூடம். உள்ளே தூண்களும் ஈரமும் அரையிருட்டும்தான்.

வாசலில் நின்ற காவலாளியும் எங்களைப் போல ஈழத் தமிழர். ஐம்பது வயதிருக்கும். சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. முழங்கால்கள் மட்டும் நனைந்திருந்தன. மண்டியிட்டு எதையோ துடைத்திருப்பார் என்று நினைத்தேன். அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் நடுத்தொட்டிக்கு வந்தபோது விளக்குகள் அணைந்தன. பெரிய முழக்கமொன்று தூண்களை அதிரவைத்தது. அதுவும் கண்காட்சியில் ஒரு பகுதியாம். மகள் கைதட்டினாள். நான், ஊரில் ஷெல் விழும்போது படுத்ததுபோல, ஈரத் தரையில் குப்புறக் கிடந்தேன்.

கைவிளக்கோடு காவலாளி வந்தார்.

“எழும்புங்கோ அண்ணை. சத்தம் மட்டும்தான்.”

“வெளியில போகேலுமோ?”

“கதவு திறந்தா வெளிச்சம் வந்திடும். இது முடியும்வரைக்கும் திறக்கேலாது.”

அவருடைய கையைப் பிடித்து எழுந்தேன். “நீங்கள் எப்பிடி இதுக்குள்ள நிக்கிறியள்?”

“மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தானே அண்ணை. பழகீட்டுது.”

விளக்குகள் எரிந்தன. என் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். அவருடைய முழங்கால்களிலிருந்து புதிதாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அதைக் கவனித்ததை அவர் கண்டுவிட்டார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.