வெண்கலக்கா விழுங்கிய வரி

வெண்கலக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் சபைக்காரர்களுக்கும், ஏன், கூடப் பிறந்த தங்கச்சியின் வீட்டுக்காரருக்குமே அவள் வெண்கலக்காதான். எல்லாம் அந்தத் தொண்டை செய்த வேலை.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர எந்திரங்கள் நாள் முழுக்கத் தடதடவென்று சுற்றுகிற இடம் அது. பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கொண்டுவர வேண்டும். கல்யாணமான புதிதில் அங்கே போனவள், இன்றைக்கும் அதே மேசையில் விரிப்பு மடிக்கிறாள். குரல் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் உப்பு எங்கே என்று அவள் கேட்டால் தெருவே எழுந்து தேட ஆரம்பிக்கும்.

அவள் வீட்டுக்காரர் மின்சார வேலை செய்தவர். ஏணியிலிருந்து விழுந்ததில் இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மாடிப்படியில் அவர் ஏறினால் ஒரு கால் டக்கென்று விழும், மறு கால் சர்ரென்று இழுபடும். அந்தச் சத்தம் கேட்டதுமே இவள் உள்ளேயிருந்து, "இன்னும் எவ்வளவு நேரம்தான் படி ஏறுவீங்க?" என்று கத்துவாள். அவரும், "வந்துட்டேன்டி, கட்டடமே விழுந்துடப் போகுது, மெதுவா கூப்பிடு" என்பார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தினமும் இதுதான் பேச்சு, இதுதான் கொஞ்சல். ஒரு காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு படியில் எல்லாரும் ஒழுங்காகத்தான் ஏறுகிறார்கள். அதில் அவளுக்கு என்ன இருக்கிறது?

சபை கூடுவது டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். கடவுளைப் பற்றித் தாங்கள் நம்புவதையெல்லாம் வரிசையாகச் சொல்லுகிற சின்னப் பத்தி அது. யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. முதல் வார்த்தையை வெண்கலக்கா எடுத்தால் மற்றவர்கள் பின்னாலேயே ஏறிக்கொள்வார்கள். கடைசிக்குப் பக்கத்தில், செத்தவர்களின் உடல் திரும்ப எழும் என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் அவள் குரல் இன்னும் ஒரு படி மேலே போகும். மற்றவர்கள் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவளோ, தன் வீட்டுக்காரருக்கே கேட்கட்டும் என்று சொல்வாள்.

இப்படி இருக்கையில்தான் புதிய போதகர் வந்தார். வயது குறைவு, படிப்பு அதிகம். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல முடியாது. யார் வீட்டில் நோய் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஒரு புதன்கிழமை வேதபாடத்தில் அந்த வரிக்கு விளக்கம் சொன்னார். உடல் எழும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அன்பானவர்கள் நம் நினைவில் வாழ்கிறார்கள் என்பதைத்தான் அந்தக் காலத்து ஆட்கள் அழகாகச் சொன்னார்கள், வார்த்தைகளைப் பிடித்துத் தொங்க வேண்டாம், அன்புதான் முக்கியம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வெண்கலக்காவும் ஆட்டிவிட்டுத்தான் வந்தாள்.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போதுதான் சுருக்கென்றது. நினைவில் இருக்கிறாராமே! நினைவில் இருப்பதற்கு நான் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்? நினைவு என் தலைக்குள்தானே இருக்கிறது, அது எனக்குத் தெரியாதா? அவர் வருவார் என்றல்லவா இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்! வரமாட்டார் என்றால் வரமாட்டார் என்று சொல்லிவிடட்டும்.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மை என்று தெரிகிறவரை அந்த வரியைச் சொல்வதில்லை. சண்டை போடவில்லை, யாரிடமும் புகார் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எழுந்து நின்றாள், வழக்கம்போல எடுத்தாள், அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். கூடமே நின்றுவிட்டது.

பாருங்கள், அத்தனை பேரும் இவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் அடுத்த வரி தனியாக வரவில்லை. முன்வரிசைப் பெரியவர் போன வரியையே திரும்பவும் ஆரம்பித்தார். ஒருவர் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று ஆமென் சொல்லி உட்கார, அவரைப் பார்த்துப் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் நிற்கிறவர்களைப் பார்த்து மறுபடி எழுந்தார்கள். போதகருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கீழே டயர் கடையில் யாரோ காற்று அடிக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஆராதனை முடிந்து படி இறங்குவதற்குள் தங்கச்சி வந்து கையைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு ஆத்திரம் வரக் காரணம் இருந்தது. அடுத்த ஞாயிறு அவள் பேரனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்கப்போவது வெண்கலக்கா. குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு, போதகர் அந்தப் பிரமாணத்தைக் கேள்வியாகக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். குழந்தையின் அம்மாவைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தது வெண்கலக்காதான். பெரியம்மா தவிர வேறு யாரும் என் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

"என்னக்கா ஆச்சு உனக்கு? ஊருக்கே கேக்குற வாய், ஒரு வரிக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கிச்சா?"

"எனக்கு உறுதியாத் தெரியல. தெரியாததை எப்படிச் சொல்றது?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல?"

"எங்க சொன்னாங்க? நீதான் பாத்தியே. உன் வீட்டுக்காரர் ஆமென் சொல்லி உக்காந்துட்டாரு."

"அவரை விடு, அவர் தூங்கி எழுந்த நேரம் அது. அடுத்த வாரம் இந்தக் கூத்தெல்லாம் கூடாது. கேட்டா விசுவாசிக்கிறேன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானேக்கா!"

"பச்சைப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்போ நீ நிக்க வேண்டாம். என் நாத்தனார் இருக்கா. அவ எது கேட்டாலும் சொல்லுவா."

"அவ சொல்லுவா. மீன் கடையில பழசைப் புதுசுன்னே சொல்றவ, இதைச் சொல்ல மாட்டாளா?"

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வெண்கலக்கா வீறாப்பாக வீட்டுக்கு வந்தாள். ஆனால் பெட்டியைத் திறந்து, குழந்தைக்காக வாங்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் வீறாப்பு கரைந்தது. உள்ளங்கை அளவுச் சட்டை. கழுத்துப் பட்டி குத்தும் என்று தானே பிரித்து மெத்தென்று தைத்திருந்தாள். இதைப் போட்ட குழந்தையை நாத்தனார் தூக்கி நிற்பதா? அப்படியும் அந்த வரி மட்டும் வாயில் வரவில்லை. அவள் அப்படித்தான்.

தங்கச்சி போதகரிடம் போய் அழுதிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவரே சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டார். வெண்கலக்காவோடு ஜோடி சேர்ந்து மடிக்கிறவள் சாப்பிடப் போயிருந்த நேரம். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே முனைகளைப் பிடித்து, உதறி, இரண்டாக்கி, நடந்து வந்து சேர வேண்டும். போதகர் சும்மா நிற்பதைப் பார்த்ததும் அவள் ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"அந்த முனையைப் பிடிங்க ஐயா. பேசிக்கிட்டே மடிக்கலாம்."

போதகர் ஆரம்பித்தார். "அதாவதும்மா, அந்த வரி எழுதப்பட்ட காலச் சூழ்நிலையில, மக்களோட மனநிலை எப்படி இருந்துச்சுன்னா..."

"என்ன?"

"ஒரு வகையில பாத்தா, அதை நாம புரிஞ்சுக்க வேண்டிய கோணம்..."

"ஒண்ணும் கேக்கல ஐயா! சின்னதாச் சொல்லுங்க! சத்தமாச் சொல்லுங்க!"

அந்த இடத்தில் நீளமான பேச்சு ஒரு விரிப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேராது. பாவம், அவருக்கு அது புதிது. துணி உலர்த்துகிற டிரையர் பக்கம் நின்ற மீசைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெண்கலக்காவே கேட்டாள். "என் வீட்டுக்காரர் எழுந்து வருவாரா, மாட்டாரா? நீங்க நம்புறீங்களா, இல்லையா?"

போதகர் தன் பக்கத்தைத் தப்பாக மடித்தார். அவள் உதறிப் பிரித்தாள். மறுபடி மடித்தார். மறுபடி தப்பு. பிறகு அந்த முனையை மார்போடு பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நம்புறேன்! ஆனா எப்படின்னு தெரியாது!"

"எப்படின்னு நான் கேக்கலையே!" என்றாள் வெண்கலக்கா. "அப்புறம் ஏன் அன்னைக்கு நினைவு, கினைவுன்னு சொன்னீங்க?"

விரிப்பை மடித்தபடி அவர் நடந்து பக்கத்தில் வந்திருந்தார். இப்போது அவ்வளவு கத்தத் தேவையில்லை. "வாலிபப் பிள்ளைங்க நிறையப் பேர் சபைக்குப் புதுசா வர்றாங்கம்மா. படிச்சவங்க. இதைக் கேட்டா சிரிப்பாங்களோன்னு எனக்கே கூச்சம். எங்கம்மா இறந்தப்போ நான் இதை நம்பித்தான் எழுந்து நடமாடினேன். அதைச் சொல்லாம வேற எதையோ சொல்லிட்டேன்."

வெண்கலக்காவுக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அம்மா செத்த பிள்ளையிடம் என்ன கோபம்? ஆனால் அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. சொல்லப்போனால் அதுதான் உள்ளுக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி. அதை யாரிடமும் கேட்டதில்லை.

"அப்படி வந்தார்னா, கால் எப்படி இருக்கும் ஐயா? நேராயிடுமா?"

"எல்லாம் சரியாயிடும்மா" என்றார் போதகர், ஆறுதலாக.

அவள் முகம் சுருங்கியது. "நேரா நடந்து வந்தா அவர்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? படியில சத்தம் வரணுமே."

போதகர் சிரிக்கவில்லை. அடுத்த விரிப்பின் முனையைத் தானாகவே எடுத்தார். அதை உதறிவிட்டுச் சொன்னார். "ஆண்டவர் சிலுவையில மரிச்சு எழுந்து வந்தப்போ கையில ஆணிக் காயம் இருந்துச்சேம்மா. அதைக் காட்டித்தானே அவர்தான்னு தெரிய வச்சார்."

வெண்கலக்கா கை அப்படியே நின்றது. விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. அந்தக் கதை அவளுக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எழுந்தது அடக்கம் பண்ணின அதே உடம்புதான் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்! ஆனால் அந்தக் கையைக் கொண்டுவந்து தன் வீட்டுக்காரரின் கால் பக்கத்தில் வைத்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்போ அந்தக் காலோடதான் வருவாரா?"

"வலி இருக்காது. நடை இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்குமா?"

"அது எனக்குத் தெரியலைம்மா."

"சரி விடுங்க. தெரியலைன்னு சொன்னீங்கல்ல. நம்புறேன்னு சொன்னதை இப்போ நான் நம்புறேன்" என்றாள். குனிந்து பார்த்துவிட்டு, "தரையில பட்டுடுச்சு. இதை மறுபடி துவைக்கணும். உங்களாலதான்" என்று பழியை அவர் தலையில் போட்டாள்.

டிரையர் மீசைக்காரர் அங்கிருந்தே, "அக்கா, கடைசியில வருவாரா மாட்டாரா?" என்று கத்தினார்.

"வருவாராம்! நீ வேலையைப் பாரு!"

ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளைச் சட்டையில் குழந்தை வெண்கலக்கா கையில்தான் இருந்தது. நாத்தனார் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் வழிதவறியது எல்லாருக்கும் வெட்கமாக இருந்திருக்கும் போல, வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பிரமாணம் சொல்லும்போது பல இடங்களில் வேறு குரல்கள் இவளுக்கு முன்னாலேயே போயின. தங்கச்சியின் வீட்டுக்காரர் கடைசி வரை நின்றார். தன்னை முந்திக்கொண்டு ஒரு குரல் போவது வெண்கலக்காவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு போதகர் ஞானத்தாயைக் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். அந்தக் கேள்வி வந்ததும் அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தங்கச்சி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"விசுவாசிக்கிறேன்!"

கீழே டயர் கடைக்காரர் மேலே நிமிர்ந்து பார்த்தாராம். அதுவரை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. தங்கச்சி இடுப்பில் கிள்ளினாள். "மெதுவாக்கா! பிள்ளை காது போயிடும்!"

"கேக்கட்டும். இவனும் ஒருநாள் இதைச் சொல்லணும்ல."

எல்லாம் முடிந்து, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அக்காவும் தங்கச்சியும் படி இறங்கினார்கள். தங்கச்சிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது.

"ஏன்க்கா, நிஜமாவே மாமா வந்து நின்னா முதல்ல என்ன சொல்லுவ?"

வெண்கலக்கா யோசிக்கவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் படி ஏறுவீங்கன்னு கேப்பேன்."