கேக்கைத் தொடாதே

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வெள்ளைக்காரத் துரை புகைபிடிக்கும் சுங்கான் ஓட்டையாயிற்று. என் மகன் அப்போது துரையின் அறையில் நின்றான். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அதனால்தான் நேரம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆற்றங்கரையில் இருந்த ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் அவன் எழுத்தராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முந்தின வியாழக்கிழமை துரை ஜொகூருக்குப் புறப்படும்போது தம்முடைய சுங்கானை அவனிடம் கொடுத்து, நன்றாகச் சுத்தம் செய்து வைக்கச் சொன்னார். பிரையர் என்ற வேர்க்கட்டையில் கடைந்த சுங்கான் அது. வாசலைத் தாண்டுமுன் திரும்பி, "கேக்கைத் தொடாதே" என்றும் சொல்லிவிட்டுப் போனார். மேசையில் தேநீர்த் தட்டும், அதில் அவர் தின்று மீந்த கேக் துண்டும் இருந்தன.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவனுக்கு முகமே சரியில்லை.

"என்னைப் பாத்தால் கேக் களவெடுக்கிறவன் மாதிரியோ கிடக்கு?" என்று தங்கையிடம் கேட்டான்.

"மோதகம் களவெடுக்கிற கதை துரையின்ரை காதுக்கும் போட்டுது போலை" என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. அந்தத் துண்டை ஈ மொய்க்க விட்டுவிட்டு வந்ததாக மட்டும் சொன்னான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் மகள் கிணற்றடியில் விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். "தா அண்ணை, நானே மினுக்கித் தாறன்" என்று அவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சுங்கானை வாங்கினாள். புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உட்புறம் முழுவதும் கரி கட்டியாகப் படிந்திருந்தது. முதலில் கத்தி முனையால் அதைச் சுரண்டினாள். பிறகு புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். வெயிலில் காயவைத்து எடுத்தபோது உள்ளே புது மரத்தின் நிறம் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தோம்.

திங்கட்கிழமை துரை திரும்பினார். ஏதோ சரக்கு நனைந்துவிட்ட கோபம் அவருக்கு. உள்ளே பார்க்காமலே புகையிலையை அடைத்து, ஆற்றுக் காற்று அடிக்கும் சன்னலருகே நின்று பலமாக இழுத்தார். கிண்ணத்தின் பக்கச் சுவரில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. அது கறுத்து, நடுவில் ஊதுபத்தி முனை போலச் சிவந்தது. கங்கு உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் சுங்கானைத் தட்டிக் கொட்டி உள்ளே பார்த்தார்.

"ஒன்றே ஒன்றைத்தான் செய்யாதே என்று சொன்னேன். அதைத்தான் செய்திருக்கிறாய்."

அது அவருடைய இறந்துபோன தமையனின் சுங்கானாம். வேண்டுமென்றே செய்திருக்கிறாய், உன் ஆட்களின் திமிர் இது என்றார். சரிசெய்து மேசையில் வைக்க முடிந்தால் வா, முடியாவிட்டால் வராதே என்றார்.

மகன் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை.

"களவும் எடுக்கேல்லை, சொல்லும் தட்டேல்லை. பிறகேன் அப்பா?" என்று கேட்டான். நாளைக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்றேன். "நான் இனி எங்கையும் போகேல்லை" என்றான். அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து இன்றுவரை, குளியலறையில் அவன் சற்றுத் தாமதித்தால் கதவைத் தட்டிவிடுகிறேன். அவனுக்கு அது பிடிப்பதில்லை.

பேனாக்கத்தியால் ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவுதான் தெரிந்தது. ஆனால் சுற்றியிருந்த மரமும் உள்ளுக்குள் வெந்து போயிருந்தது. சுரண்டச் சுரண்டக் கரியாகவே உதிர்ந்தது. நல்ல மரம் தட்டுப்பட்டபோது ஓட்டை என் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்குப் போயிருந்தது. மகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அதை என் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எங்கள் தலைமை எழுத்தர் யுரேசியர், சுங்கான் பிடிப்பவர். கையில் வாங்கியதும் உள்ளே விரலை விட்டுப் பார்த்து, "கேக்கை எந்த முட்டாள் எடுத்தான்?" என்றார்.

"எந்தக் கேக்?"

உள்ளே படியும் கரிக்குத்தான் கேக் என்று பெயராம். நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவே அது கவசம் போல் நிற்குமாம். அதைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும், முழுக்க எடுத்தால் மரம் எரிந்துவிடும் என்றார். தேநீர்த் தட்டின் கதையைச் சொன்னேன். அவர் மேசையில் குனிந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது. எப்படி ஒட்டுப் போடுவது என்றும் சொல்லிக் கொடுத்தார். மகனின் துரையிடம் தாமே பேசுவதாகவும் சொன்னார்.

ரிக்ஷா பிடித்துச் சிராங்கூன் சாலைக்கு விரைந்தேன். "தம்பி, அது வேறை கேக்கடா" என்று எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். "அவன் எங்கை?" என்று என்னைக் கேட்டாள்.

"இங்கை இல்லையோ?"

"உங்களிட்டை வாறன் எண்டுதானே வெளிக்கிட்டவன்!"

அவனுடைய சப்பாத்துகள் கதவோரத்தில் இருந்தன. குடையும் இருந்தது. வெறுங்காலோடு தெருவில் இறங்குகிற பிள்ளை அல்ல அவன்.

கோயிலில் பார்த்தேன். மாட்டுக் கொட்டகைகளின் பக்கம் விசாரித்தேன். ரோச்சோர் வாய்க்கால் ஓரமாக நடந்தேன். தண்ணீரில் கறுப்பாக எது மிதந்தாலும் நின்று, அது கட்டையோ சாக்கோ என்று தெரிந்த பிறகே காலை எடுத்து வைத்தேன். அவனுடைய கம்பெனி வாசலில் காவலாளி, "இன்னிக்கு வரலியே" என்றான். ஆற்றைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். அங்கே தேடுவது என்றால் எதைத் தேடுகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் மகள் அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். "நான் தேய்ச்சதாலைதானே அப்பா? நான் தேய்ச்சதாலைதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வெளியே போய்த் தேட இனி இடம் தெரியவில்லை. கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு முட்டை வாங்கி வரச் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை விரதத்திலையோ முட்டை?" என்றாள் மனைவி. பிறகு அவளே போய் வாங்கி வந்தாள்.

தலைமை எழுத்தர் சொன்னபடி, சலித்த சுருட்டுச் சாம்பலை முட்டை வெள்ளையில் குழைத்தேன். அவர் தம்முடைய பழைய சுங்கானிலிருந்து வெட்டிக் கொடுத்த பிரையர்த் துண்டைச் செதுக்கி ஓட்டைக்குள் பொருத்தினேன். முதலில் அது பெரிதாக இருந்தது. பிறகு அதிகமாகச் செதுக்கிவிட்டேன். இடைவெளியைச் சாம்பல் பசையால் அடைத்தேன். உட்புறமும் பூசினேன். அது காயக் காய நரைத்து, விளிம்பில் வெடித்தது. மறுபடி பூசினேன். அது பொருந்திவிட்டால் அவன் வந்துவிடுவான் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம் எனக்குள் புகுந்திருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் கைகளைப் பார்த்தபடியே இருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஆற்றில் தொங்கான் என்ற சரக்குப் படகு ஓட்டும் ஒரு நாகூர்க்காரர் நின்றார். நாங்கள் முன்பின் கண்டிராத மனிதர். மேல்சட்டை இல்லை. அவருடைய சட்டை என் மகனின் தோளில் கிடந்தது. மகனின் வேட்டி மார்பு வரை நனைந்திருந்தது. அவன் தரையையே பார்த்தான். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்க மவன்தானே, ஐயா?" என்றார் அவர்.

தலையை ஆட்டினேன்.

"படித்துறையில எறங்கிட்டாரு. கூப்பிட்டா ஏற மாட்டேன்னாரு. நானும் எறங்கி பக்கத்துல நின்னுக்கிட்டேன். ரொம்ப நேரம் நின்னோம். இப்ப ஒண்ணும் கேக்காதீங்க. சோறு இருந்தா போடுங்க. ராத்திரிக்கி யாராச்சும் அவரு பக்கத்துலயே படுத்துக்கிடுங்க."